புக்டு ஆகாத சுவர்கள்

யூனியன் ஆபீஸ் இரும்பு மேசையில்
எண்ணி வைத்தது இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
அதில் ஒரு நூறு ரூபாய்த் தாள்
நடுவில் ஒட்டுப்போட்டது,
பெட்ரோல் பங்கில் மட்டும் செல்லும்.

மூன்று நாடகம், ஒரு இரவு.
மேடை கல்லூரியுடையது.
விளக்கு விஜீஷின் மாமன் மண்டபத்திலிருந்து,
சொல்லாமல்.
மைக் செட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு என்றார் சுலைமான்.
"வயர் நனைஞ்சா நீயா தருவே?"
மிச்சம் அறுநூற்று நாற்பதில்
கொழிஞ்சாம்பாறை முழுக்கத் தெரிய வேண்டும்
நாங்கள் நடிக்கிறோம் என்று.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர்
சதுர அடிக் கணக்குச் சொன்னார்.
வந்த அடியை அளந்தபடி திரும்பினோம்.

கெமிஸ்ட்ரி லேபில் கழித்துக் கட்டிய
மாடல் எக்ஸாம் தாள்கள் கிடைத்தன.
முதுகெல்லாம் வெள்ளை.
நான்கு தாளை ஒட்டினால் ஒரு போஸ்டர்.
ஷம்லத்து தமிழில் எழுதினாள்
விஜீஷ் மலையாளத்தில்.
"நாடகம்" மட்டும் இரண்டிலும் ஒரே சத்தம்.
யாரோ ஒருத்தனின் பதினொன்று மார்க்
மைதாவில் ஊறி
சுவரைப் பார்த்தபடி நிற்கப் போகிறது, பாவம்.

பசையில் மயில்துத்தம் போடச் சொன்னான்
கட்சிக்கு ஒட்டிப் பழகிய ஒருவன்.
நாற்பது ரூபாய்.
கணக்கு என் கையில் இருந்தது.
வேண்டாம் என்றேன்.

ராத்திரி பதினொன்றுக்குப் போனால்
சுவரெல்லாம் புக்டு.
வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயர்,
ஆண்டு, அம்புக்குறி.
தேர்தலுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது.
வெறுஞ்சுவர்கூட
இன்னொருவர் பேசுவதற்குத்தான் காத்திருக்கிறது.

புக் ஆகாதவை குட்டையானவை மட்டும்:
ஓடைப்பாலத்துக் கட்டைச்சுவர்,
வாய்க்கால் மதகு,
பால் சொசைட்டியில் கேன் இறக்கும் மேடை.
குனிந்து குனிந்து ஒட்டினோம்.
மணி மூன்றரை.
ஜெசிந்தாவின் இடுப்பு வலியை
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியவில்லை.

காலையில் ஆடுகள் வந்தன.

மொழிபேதம் பார்க்கவில்லை.
தலை எட்டிய வரைக்கும் தின்றன.
தேதியும் நேரமும் கீழேதான் இருந்தன.
மேலே மிஞ்சியது
நாடகம்.
அதற்கடியில், அனுமதி இலவசம்.
அப்புறம் ஈரச் சிமெண்டு, பல் தடம்.

நாற்பது ரூபாய் என்று விஜீஷ் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் சித்தூர் வண்டியில்
கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் கேட்டார்,
"நாடகம் எந்நாடா?"
பின்சீட்டில் நிலக்கடலைச் சாக்கோடு ஒருத்தி,
"அதானே, என்னிக்குங்க?"
நடுப்புணி செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கேட்டார்.
ரேஷன் கடை வரிசையில்
ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள்.
தெரியாதவர் தெரியாதவரிடம்.
வெள்ளி என்றும் சனி என்றும்
பந்தயம் கட்டினார்களாம் கள்ளுக்கடையில்.
தேதி முழுதாய் இருந்திருந்தால்
படித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை
நாற்காலி பத்தாமல்
லேப் ஸ்டூல்களை இறக்கினோம்.
ஒட்டுப்போட்ட நூறை
சுலைமானுக்குக் கொடுத்த கட்டின் நடுவில் வைத்தேன்.
எண்ணினார். பார்த்தார்.
மூன்றாம் நாடகத்தில் சிரித்த சிரிப்பு
முகத்தில் அப்படியே இருந்தது.
பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை ஆறரை மணிக்கு
மைக்கும் விளக்கும் போன மேடையில்
சணல் சுருட்டிக்கொண்டிருந்தோம்.
கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார்,
பாய் ஒன்று, பையன்கள் இரண்டு,
தூக்குவாளியில் சோறு.
பாயை முன்வரிசையில் விரித்து உட்கார்ந்தார்.
"இன்னிக்குத்தானே?"

யாரும் பதில் சொல்லவில்லை.
நான் கணக்கு நோட்டை மூடினேன்.
ஜெசிந்தா துப்பட்டாவை
இடுப்பில் இழுத்துக் கட்டினாள்.